இறங்குதுறையில் ஒரு தகடு தொங்கவிடுங்கள்: திருகோணமலைக் கடலுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

துறைமுகம், கடற்றொழில், கடல் சூழல் என்று வெவ்வேறு பெயர்ப்பலகைகளின் கீழ் இருந்து எங்கள் கடலைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் திருக்கடலூரில் பிறந்தவன். பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். அக்காவின் கணவர், என் அத்தான், இன்றும் தொழிலுக்குப் போகிறார். அவர் இழுத்த ஒரு கயிறுதான் இந்த மடலுக்குக் காரணம். வேறு கடல்களிலிருந்து வந்து எங்கள் கரையில் ஒட்டிக்கொள்ளும் உயிர்களைக் கவனிக்க ஒரு சின்ன ஏற்பாடு கேட்கிறேன்.

மாசி மாதம். வாடை அடங்கிக் கடல் சீராகத் தொடங்கியிருந்தது. அத்தான் வள்ளம் கட்டும் மிதவையின் கயிறு மழைக்காலம் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெருவிரல் தடிப்புக் கயிறு தொடையளவு பருத்திருந்தது. மேல் முழம் முழுக்கக் கூரான ஓடுள்ள கொட்டலசு. அதற்குக் கீழே ஓரத்தில் பச்சை மின்னும் பச்சைச் சிப்பி, வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்க்குள் வாழும் புழுக்கள், தொட்டால் தண்ணீர் பீய்ச்சும் சதைப்பைகள். வெயில் பட்டதும் இடுக்குகளிலிருந்து குட்டி நண்டுகள் பலகைமேல் ஓடின. கயிற்றின் அடிப்பக்கத்தில் மட்டும் கொத்துக் கொத்தாய், நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான கறுத்தச் சிப்பிகள். ஒன்றை இழுத்தால் நாரோடு பத்து வந்தது. அத்தான் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கட மட்டி இல்லையடா தம்பி" என்றார்.

நாற்பது வருடமாகக் கடலில் கை வைத்திருப்பவர் அவர். அவர் சொன்னால் நான் யோசிப்பேன். ஒரு போத்தலில் போட்டுப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். ஒன்றைத் திறந்து, ஓட்டின் கூர்முனையான மூக்கடியைப் பார்த்தேன். உள்ளே சிறு தட்டு இல்லை. ஆகவே இந்தியத் துறைமுகங்களைப் பிடித்திருக்கும் கரீபியன் சிப்பி அல்ல. அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. உள்ளூர்ச் சிறு சிப்பியாகவே இருக்கலாம், பல காலம் இங்கேயே இருந்து யாரும் கவனிக்காமல் விட்டதாக இருக்கலாம். ஊரைப் பயமுறுத்த நான் எழுதவில்லை. அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது என்பதுதான் என் கேள்வி. திருகோணமலையில் ஒரு தொழிலாளி "இது புதுசு" என்று ஒன்றைக் கொண்டுவந்தால், அதை வாங்கிப் பார்த்து, பெயர் சொல்லி, நாள் போட்டு எழுதிவைக்க ஒரு மேசை இருக்கிறதா? எனக்குத் தெரிந்த எவருக்கும் அப்படி ஒரு மேசை தெரியவில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சரி, நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு மீனவர்களிடம் "காக்கா ஆழி" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். தென்னமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சின்னக் கறுப்புச் சிப்பிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஆற்றின் அடிச்சேறு முழுக்க ஓடு ஓடாகப் பரவி, இறால் புதைந்து கிடக்க இடமில்லாமல் செய்துவிட்டது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் கையும் காலும் அந்த ஓட்டில் கிழிகின்றன. அகற்றித் தாருங்கள் என்று மீனவர்கள் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. இதே சிப்பி 2014 அளவில் மணிலாக் குடாவிலும் 2016இல் சிங்கப்பூர்ப் பக்கத்து ஜொகூர் நீரிணையிலும் தெரிந்தது. கேரளாவில் கொச்சிக் காயலிலும் அஷ்டமுடிக் காயலிலும் அது பரவியிருப்பதை 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அஷ்டமுடி மட்டித் தொழில் அதற்கு ஐந்து வருடம் முன்புதான், 2014இல், முறையாக நடக்கும் கடற்றொழில் என்று உலக அளவில் சான்றிதழ் வாங்கியிருந்தது. இந்தியாவிலேயே அப்படிச் சான்றிதழ் பெற்ற முதல் தொழில் அது. அந்த மட்டி வாழ்ந்த தரையில் இன்று இந்தச் சிப்பி உட்கார்ந்திருக்கிறது.

அந்த இடங்களின் பெயரைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வருவது தம்பலகாமக் குடா. கொச்சி, அஷ்டமுடி, பழவேற்காடு மூன்றும் ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர். தம்பலகாமமும் அப்படித்தான். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது. மாரியில் நீர் இனிக்கும், கோடையில் உப்பு ஏறும். இந்தச் சிப்பிக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே அல்ல, அதன் பலமே அதுதான். கிண்ணியாப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டி எடுத்துக் குடும்பம் நடத்துபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேற்றுத் தரையை வேறொன்று மூடிவிட்டால் அவர்களுக்கு எந்த நட்டஈட்டுப் படிவத்தில் இடம் இருக்கிறது?

தம்பலகாமத்தைச் சொல்லும்போது ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். அந்தக் குடாவில் தட்டையான, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் சிப்பியிலிருந்து ஒரு காலத்தில் சிறு முத்து எடுத்தார்கள். 1850களில் அதை ஆராய்ந்தவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். கொழும்பில் பிறந்த இராணுவ வைத்தியர். திருகோணமலையில் இருந்த காலத்தில், ஓய்வு நேரத்தில் நம்முடைய கரைகளில் குனிந்து குனிந்து ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேடி, நிறம் நிறமாக வரைந்து, விபரம் எழுதிவைத்தார். உலக அறிவியலில் அந்த நத்தைகளில் பல இந்த ஊர்க் கரையிலிருந்து பெயர் பெற்றவை. ஒரு தனி மனிதர், ஒரு வாளி, ஒரு தூரிகை. அதை அவர் செய்து 160 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவர் 1860இல் இறந்தார். அவர் நடந்த கரையில் இன்று என்னென்ன இருக்கின்றன என்று ஒரு முழுப்பட்டியல் கேட்டால், என் மாணவர்களுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு இது வெட்கமாகவே இருக்கிறது.

பட்டியல் இருந்தால் என்ன பயன் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தைத்தான் காட்டுவேன். நான் மேலே சொன்ன அந்தக் கரீபியன் சிப்பி, கறுப்பு வரிச் சிப்பி, 1999 மார்ச்சில் டார்வின் படகுத்துறைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. சில மாதங்களுக்கு முன், 1998இல், அதே இடங்களை அவர்கள் சுற்றிப் பார்த்திருந்தார்கள். அப்போது அது இல்லை. ஆகவே இது புதிதாக வந்தது, இன்னும் துறைக்கு வெளியே போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. மூன்று படகுத்துறைகளை உடனே மூடினார்கள். குளோரினும் செப்புச் சல்பேற்றும் கொட்டினார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. இருபது இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் செலவானது. ஆனால் சிப்பி ஒழிந்தது. கடலில் வந்து உட்கார்ந்த ஒரு உயிரை முழுதாக வெளியேற்றியதாக உலகம் காட்டும் மிகச் சில உதாரணங்களில் அது ஒன்று. இப்போது நமக்குப் பக்கத்தில் விசாகப்பட்டினத்தைப் பாருங்கள். அதே சிப்பி அங்கே 1967இல் பதிவானது. இன்றும் இருக்கிறது. டார்வின்காரர்கள் நம்மைவிட அறிவாளிகள் என்று நான் நினைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெப்பக்கடல் உயிர்கள் இடம் மாறுவது ஒருவழிப் பாதை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நாமும் அனுப்பியிருக்கிறோம். அத்தானின் கயிற்றில் இருந்த பச்சைச் சிப்பி இந்து சமுத்திரத்துப் பிள்ளை. 1990 அளவில் அது திரினிடாட்டில் தெரிந்தது. 1999இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தம்பாக் குடா மின்நிலையத்துக் குளிர்நீர்க் குழாய்களை அடைத்துக்கொண்டு நின்றது. இங்கே அதை அவித்துச் சாப்பிடுகிறோம், அங்கே அதைச் சுரண்ட ஆள் வைக்கிறார்கள். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்த பிறகு செங்கடல் வழியாக மத்திய தரைக்கடலுக்குள் போன உயிர்கள் நூற்றுக்கணக்கில். அவற்றில் ஒரு பெரிய சொறிமுட்டை (ஜெல்லிமீன்) 1970களில் இஸ்ரேல் கரையில் தலைகாட்டியது. இன்று கோடையில் கூட்டம் கூட்டமாக வந்து குளிப்பவர்களைச் சுடுகிறது, வலையை நிரப்புகிறது, மின்நிலையங்களின் நீர்வாயை அடைக்கிறது. நம்முடைய தொழிலாளர்களுக்குச் சொறி நிரம்பிய வலை என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிர்ந்த கடல் சூடாகச் சூடாக இப்படிப் போகும் உயிர்களுக்குக் கதவு இன்னும் அகலமாகிறது. நமக்கோ நிலைமை வேறு. எங்கள் கடல் எப்போதும் சூடுதான். பிரேசிலிலிருந்தோ கரீபியனிலிருந்தோ வரும் ஒரு வெப்பக்கடல் உயிர் இங்கே பழக வேண்டிய அவசியமே இல்லை. இறங்கியதும் குடித்தனம் தொடங்கலாம்.

இதில் என் நித்திரையைக் கெடுப்பது சிப்பியைவிட இன்னொன்று. நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாமலைத் தீவுக்குப் போனவர்கள் நீண்ட கறுப்பு முள்ளோடு பாறை இடுக்கில் நிற்கும் கடல் முள்ளெலியைப் பார்த்திருப்பீர்கள். காலில் குத்தினால் முள் உள்ளேயே முறிந்துவிடும், இரவு முழுக்கக் கடுக்கும். சின்ன வயதில் எனக்கு அது பரம எதிரி. பிறகுதான் தெரிந்தது, முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், மேல் வளரும் பாசியை மேய்ந்து மேய்ந்து, முருகைக்கல் மூச்சுவிட இடம் வைப்பதே இதன் வேலை என்று. இந்த இனம் 2006இல் துருக்கியின் காஷ் அருகே மத்திய தரைக்கடலில் முதல் தடவை காணப்பட்டது, பிறகு வேகமாகப் பெருகியது. 2022இல் துருக்கியிலும் கிரேக்கத்திலும் முள் உதிர்ந்து கூட்டம் கூட்டமாகச் செத்தது. வந்தேறிதானே, போகட்டும் என்று அங்கே சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் சாவு அங்கே நிற்கவில்லை. அடுத்த வருடம் செங்கடலில், அதன் சொந்த வீட்டில், அதே சாவு. பிறகு இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவிலும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கல உயிர் ஒன்றுதான் காரணம். கரீபியனில் 2022இல் அங்குள்ள உறவுக்கார முள்ளெலியைக் கொன்றதும் அதே இனம்தான். ரீயூனியன் வரை வந்தது இன்னும் கிழக்கே வராது என்று யார் உறுதி தருவது? கரீபியனில் 1983இல் முள்ளெலிகள் இப்படி ஒரு தடவை அழிந்தன. பனாமாக் கால்வாய் வாயருகே தொடங்கி ஒரு வருடத்துக்குள் கடல் முழுக்கப் பரவி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்தன. முருகைக்கற்களைப் பாசி மூடியது. பல இடங்களில் அது இன்னும் விலகவில்லை.

1998இல் கடல் சூடேறி இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பாறைகள் தப்பின. அந்தத் தப்பிய சொத்துதான் புறாமலையில் இருக்கிறது. 2003இல் அதைத் தேசிய பூங்காவாக அறிவித்தோம். உல்லாசப் பயணிகளை எண்ணுகிறோம், நுழைவுச்சீட்டை எண்ணுகிறோம். முள்ளெலியையும் எண்ணுவோம் என்று கேட்கிறேன்.

கப்பலைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. ஒரு விஷயத்தில் எங்கள் ஊரில் பலருக்கும் பிழையான எண்ணம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. சரக்கு நிரப்பி வரும் கப்பலைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். உண்மையில் கோதுமையோ எண்ணெயோ சீமெந்து மூலப்பொருளோ நிரம்ப வரும் கப்பல், சமநிலைக்காக வயிற்றில் சுமக்கும் பலாஸ்ட் தண்ணீரை இங்கே கொட்டாது. சரக்கை இறக்கிவிட்டு எங்கள் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போகும். எங்கள் உயிர்கள் வெளியே போகும் வழி அது. புல்மோட்டைக் கனிய மணல் போல எதையாவது ஏற்ற வெறுமையாக வரும் கப்பல்தான் இன்னொரு துறைமுகத்துத் தண்ணீரை இங்கே விடும். பலாஸ்ட் நீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டு 2017 செப்டெம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சுத்திகரித்து வெளியே விடும் நீரில், ஒரு கன மீற்றருக்கு 50 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலும் பருமனுள்ள உயிருள்ளவை பத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கப்பலில் அதற்கென்று பதிவுப் புத்தகம் ஒன்று உண்டு. ஏற்ற வரும் கப்பல்களிடம் மட்டுமாவது அந்தப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் எனக்கு அதிலும் பெரிய கவலை கப்பலின் அடி. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் ஒட்டுவது குறைவு. மாதக்கணக்கில் ஒரு துறைமுகத்தில் சும்மா நின்று, பிறகு இழுத்துவரப்படும் பார்ஜ், தூர்வாரும் கலம், பழைய இழுவைப்படகு, உலகம் சுற்றும் பாய்க்கப்பல் இவைதான் அடியில் ஒரு முழுத் தோட்டத்தையே சுமந்து வருகின்றன. திருகோணமலை காற்றுக்கு ஒதுங்க நல்ல இடம். அமைதியான, ஆழமான, எல்லாக் காலத்திலும் நிற்கக்கூடிய துறை. அந்தப் புகழாலேயே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் இதற்காக அடிபட்டார்கள். ஒதுங்கி நிற்கக் கப்பலுக்கு நல்ல இடம், இறங்கி ஒட்டச் சிப்பிக்கும் நல்ல இடம். நீண்ட காலம் நின்றுவிட்டு வரும் கலங்களின் அடியை உள்ளே விடுமுன் ஒரு சுழியோடி இறங்கிப் பார்க்கட்டும். உள்துறைமுகத்துக்குள் வைத்து அடியைச் சுரண்ட மட்டும் விடாதீர்கள். சுரண்டினால் அவ்வளவும் எங்கள் தரையில்தான் விழும்.

கொழும்புக்கு அப்பால் 2021இல் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியபோது நாடே அள்ளியது. கண்ணுக்குத் தெரிந்தது, அள்ளினோம். இது அப்படி ஒருநாளில் ஒதுங்காது. ஒரு கயிற்றில், ஒரு தூணில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் தொடங்கும்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. உள்ளங்கை இரண்டின் அகலத்தில் பிவிசி தகடுகள். மீன்பிடி இறங்குதுறை, சீனன்குடாப் பக்கம், கிண்ணியா, நிலாவெளி என்று நாலைந்து இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கிப் படம் எடுத்து, ஒட்டியிருப்பதை எழுதி, புதிதாக ஒன்று தெரிந்தால் மதுசாரத்தில் இட்டு அனுப்புங்கள். உலகில் பல துறைமுகங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், என் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். படகும் அத்தான் தருவார், கேட்டுவிட்டேன். எங்களுக்கு வேண்டியது துறைமுக எல்லைக்குள் போக அனுமதி, அப்புறம் நாங்கள் எழுதுவதை வாங்கி வைக்க ஒரு பொறுப்பான ஆள்.

அதோடு ஒரு தொலைபேசி இலக்கம். வட்ஸ்அப் போதும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மீன் ஏலம் விடும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஒருவர் படம் அனுப்பினால் பதில் போக வேண்டும். "பார்த்தோம், இது இங்கே உள்ளதுதான்" என்று இரண்டு வரி போனாலும் அடுத்த தடவை அவர் மறுபடி அனுப்புவார். பதில் வராவிட்டால் அவர் இன்னொருமுறை குனிந்து பார்க்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

போத்தல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. பன்னிரண்டு சிப்பிகள், எடுத்த திகதியும் இடமும் பென்சிலால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அத்தான் பழைய கயிற்றைக் கழற்றிவிட்டுப் புதுக்கயிறு கட்டியிருக்கிறார். ஆவணியில் அதையும் இழுப்பதாகச் சொன்னார். அதற்கு முன் உங்களில் யாராவது ஒருவர் வந்தால், போத்தலையும் தந்து, கயிறு இழுக்கும்போது வள்ளத்தில் பக்கத்தில் உட்காரவும் வைப்போம்.

இப்படிக்கு,
திருக்கடலூரிலிருந்து ஒரு உயிரியல் ஆசிரியர்